அலமேடாவில் ஒரு ஏப்ரல்

விவேகானந்தர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த ஒரே படம்தான். தலைப்பாகை, மார்பின் குறுக்கே கட்டிய கைகள், சற்றுப் பக்கவாட்டில் திரும்பிய முகம். ஊரில் பள்ளிக்கூடச் சுவரிலும், லாலா கடைக் காலண்டரிலும், பேச்சுப்போட்டிக்குத் தந்த பரிசுப் புத்தகத்தின் அட்டையிலும் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துபோனது. அது 1893-ல் சிகாகோவில் எடுத்த படம். அந்த ஊர் லித்தோ அச்சகம் ஒன்று அதைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டியது. அப்போது அவருக்கு வயது 30. நமக்கு அவர் அந்தச் சுவரொட்டியிலேயே நின்றுவிட்டார். அதன்பிறகு 9 ஆண்டுகள்தான் வாழ்ந்தார் என்பதும், அந்த ஒன்பதில் மூன்று மாதங்களுக்கு மேல் இங்கே, நாம் வாடகையும் மார்ட்கேஜும் கட்டிக்கொண்டிருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கழிந்தன என்பதும் பலருக்குத் தெரியாது.

தெரிந்தவர்களும் அதைச் சொற்பொழிவுப் பயணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ, அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள சிகாகோவைவிட அலமேடாதான் சரியான இடம் என்று தோன்றுகிறது. காரணம் அவருடைய அம்மா.

நரேந்திரநாத் தத்தர் 1863 ஜனவரி 12-ல் கல்கத்தாவில் பிறந்தார். அப்பா விசுவநாத தத்தர் உயர்நீதிமன்ற அட்டர்னி. நன்றாகச் சம்பாதித்தார், அதைவிட நன்றாகச் செலவழித்தார். அம்மா புவனேசுவரி தேவி. பையனுக்குப் பாட்டு, குஸ்தி, மேலைத் தத்துவம் எல்லாம் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: கடவுளைப் பற்றிப் பேசுகிறவர்களில் யாராவது அவரைப் பார்த்திருக்கிறார்களா? பிரம்ம சமாஜத்தின் பெரியவர் தேவேந்திரநாத் தாகூரிடமே போய்க் கேட்டார். நேரடியான பதில் கிடைக்கவில்லை. கல்லூரி முதல்வர் வில்லியம் ஹேஸ்டி, வேர்ட்ஸ்வொர்த் கவிதையில் வரும் பரவச நிலையை விளக்கும்போது, அப்படிப்பட்டவரைப் பார்க்கவேண்டுமானால் தட்சிணேசுவரத்துக்குப் போகலாம் என்று சொன்னாராம். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் வங்காளிப் பையனுக்குக் காளி கோயில் பூசாரியை அடையாளம் காட்டியது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. 1881-ல் நரேன் ராமகிருஷ்ணரைச் சந்தித்தார். தான் பார்த்திருப்பதாக அவர் தயங்காமல் சொன்னார். நரேன் உடனே நம்பிவிடவில்லை. வருடக்கணக்கில் வாதாடினார், சோதித்தார், கிண்டலும் செய்தார்.

இந்த இடம்வரை இது வசதியான வீட்டுப் பையனின் தேடல். சாப்பாட்டுக்குக் கவலையில்லாதபோது கடவுளைப் பற்றிக் கவலைப்படுவது சுலபம். (நம் வார இறுதி கீதை வகுப்புகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) 1884 பிப்ரவரியில் அது மாறியது. நரேன் நண்பர் வீட்டில் இரவு பாடிக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னார்கள். பி.ஏ. பரீட்சை எழுதியிருந்த சமயம். கணக்குப் பார்த்தபோது சொத்தைவிடக் கடன் அதிகம். அப்பாவின் தயவில் வாழ்ந்த உறவினர்கள் விலகினார்கள். ஒரு பெரியப்பா குடும்பம் வீட்டின் மீது உரிமை கொண்டாடி வழக்குக்குப் போனது.

21 வயது மூத்த மகன் வேலை தேடி அலைந்தார். வெயிலில் செருப்பில்லாமல் அலுவலகம் அலுவலகமாகப் படியேறினார். வீட்டில் இருப்பது எல்லோருக்கும் போதாது என்று தெரிந்த நாட்களில், வெளியே விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தார். வித்தியாசாகரின் பள்ளியில் கிடைத்த ஆசிரியர் வேலையும் நிலைக்கவில்லை. இதே காலத்தில்தான் புகழ்பெற்ற அந்தக் காளி கோயில் நிகழ்ச்சி. குடும்பக் கஷ்டம் தீர அம்பாளிடம் வேண்டுங்கள் என்று ராமகிருஷ்ணரிடம் நரேன் கேட்டார். நீயே போய்க் கேள் என்று அவர் அனுப்பினார். இரவில் மூன்று முறை சந்நிதிக்குள் போனார். மூன்று முறையும் ஞானத்தையும் பக்தியையும் வைராக்கியத்தையும் கேட்டுவிட்டு வெளியே வந்தார். காசு கேட்க வாய் வரவில்லை. கடைசியில் ராமகிருஷ்ணர் இரக்கப்பட்டு, அந்தக் குடும்பத்துக்குச் சாதாரணச் சோற்றுக்கும் துணிக்கும் குறை வராது என்று வாக்குக் கொடுத்தார்.

இந்தக் கதையை உபன்யாசங்களில் பற்றின்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் படிக்கும்போதெல்லாம் மறுநாள் காலையில் அவர் வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள் என்ற யோசனை வருகிறது. வாக்கு காப்பாற்றப்பட்டது, உண்மைதான். ஆனால் அதைவிடக் கூடுதலாக எதுவும் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

1886 ஆகஸ்டில் ராமகிருஷ்ணர் மறைந்தார். பராநகரில் பாழடைந்த வீடொன்றில் இளைஞர்கள் சிலர் துறவிகளாகக் கூடி வாழத் தொடங்கினார்கள். நரேன் அவர்களுக்குத் தலைவர். ஆனால் 1887-ல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, காவி கட்டிய பிறகும் உயர்நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, ஆங்கிலேய பாரிஸ்டரின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். தீர்ப்பு அம்மாவின் பக்கம் வந்தது. வழக்கை வென்று கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். உறவினர்களின் சொத்துத் தகராறு மட்டும் அதோடு முடியவில்லை, அவர் ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு வடிவில் பின்னாலேயே வந்தது.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் பரிவிராஜக வாழ்க்கை. காசி, அயோத்தி, இமயமலை, ராஜஸ்தானம், குஜராத், மகாராஷ்டிரம், மலையாளம். இதைச் சாகசப் பயணம் போலச் சொல்கிறார்கள். உள்ளே நிறையத் தடுமாற்றம் இருந்தது. 1890-ல் காஜிப்பூரில் பவஹாரி பாபா என்ற யோகியிடம் தீட்சை வாங்கிக்கொள்ள முடிவே செய்துவிட்டார். குரு மறைந்து நான்கே வருடம், இன்னொரு குரு. தீட்சைக்கு நினைத்த இரவுகளிலெல்லாம் ராமகிருஷ்ணர் எதிரே வந்து ஒன்றும் பேசாமல் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டு நின்றதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அதே ஆண்டு அல்மோராவில் இருந்தபோது, தங்கை தற்கொலை செய்துகொண்ட செய்தி தந்தியில் வந்தது. ஊர் திரும்பவில்லை. இன்னும் உயரத்துக்கு, கட்வால் மலைகளுக்குள் போனார். பின்னாளில் இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரலில் ஏறிய சூட்டுக்கு இந்தத் தந்தியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1892 டிசம்பரில் கன்னியாகுமரி. அங்கே பாறையில் உட்கார்ந்தபோது அவர் தேடியது மாறியது என்பார்கள். தன் விடுதலை என்பது போய் நாட்டின் பசி முன்னால் வந்தது. அடுத்து நம்ம ஊர் ஆட்கள். அளசிங்கப் பெருமாள் பச்சையப்பன் பள்ளியில் தலைமை ஆசிரியர். குடுமி வைத்த ஸ்ரீவைஷ்ணவர், சொற்பச் சம்பளம், பெரிய குடும்பம். அவரும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியிராவிட்டால் அமெரிக்கப் பயணமே இல்லை. ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் தூண்டினார். கேத்ரி மன்னர் அஜித் சிங் கப்பல் டிக்கெட்டை முதல் வகுப்பாக்கிக் கொடுத்தார். இன்னொன்றும் செய்தார். கல்கத்தாவில் புவனேசுவரி தேவிக்கு மாதம் 100 ரூபாய் அனுப்ப ஏற்பாடு செய்தார். வெளியே அதிகம் பேசப்படாத ஏற்பாடு அது. சிகாகோ மேடையில் நின்ற துறவியின் அம்மா, ராஜஸ்தானத்துச் சிற்றரசர் ஒருவர் அனுப்பும் மணியார்டரில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

சிகாகோ எல்லோருக்கும் தெரியும், அதனால் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1893 செப்டம்பர் 11-ல் பேச்சு, ஒரே நாளில் புகழ். சொற்பொழிவுக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம், அதில் ஏமாற்றம். நியூயார்க்கில் 1894-ல் வேதாந்த சங்கம். 1895 கோடையில் தவுசண்ட் ஐலண்ட் பார்க்கில் 12 மாணவர்களோடு ஏழு வாரங்கள். பிறகு லண்டன். அவருடைய பேச்சுகள் நமக்குக் கிடைத்ததற்கு ஜே. ஜே. குட்வின் என்ற ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளர் காரணம். சம்பளத்துக்கு வந்தவர், சீடராகி இந்தியாவுக்கே கூட வந்துவிட்டார். 1898 ஜூனில் ஊட்டியில் 27 வயதில் காய்ச்சலில் இறந்தார். புனித தாமஸ் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் தாவரவியல் பூங்காவோடு இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

1897 ஜனவரியில் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் வழியாகப் பாம்பனில் வந்து இறங்கியபோது சேதுபதி மன்னரே வண்டியைப் பிடித்து இழுத்தார். சென்னையில் ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாட்கள், திருவிழாக் கூட்டம். மே மாதம் ராமகிருஷ்ண மிஷன். 1898-ல் பேலூர் மடத்துக்கு நிலம், கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு மனிதர் வளர்ந்துகொண்டே போகும் கதை.

உள்ளே வேறு கதை. 1898 இலையுதிர் காலத்தில் காஷ்மீரில் கீர் பவானி கோயிலில் ஒரு வாரம் தனியாக இருந்தார். படையெடுப்பில் சிதைந்த கோயில் அது. நான் அப்போது இருந்திருந்தால் இதை இடிக்க விட்டிருக்கமாட்டேன் என்று நினைத்தாராம். நீ என்னைக் காப்பாற்றுகிறாயா, நான் உன்னைக் காப்பாற்றுகிறேனா என்று தேவி கேட்பதுபோல உள்ளே ஒன்று கேட்டது. திரும்பி வந்தவர் படகு வீட்டில் இருந்த நிவேதிதை முதலியவர்களிடம், தேசபக்தி, வேலை எல்லாம் போயிற்று, இனி நான் சின்னக் குழந்தை மட்டும்தான் என்ற பொருளில் சொன்னார். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரு பெரிய நிறுவனத்தைத் தொடங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை! அதே நவம்பரில், கேத்ரி மன்னருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தன் உடல் அதிக நாள் தாங்காது, அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு வேண்டும், அந்த 100 ரூபாய் அம்மா உயிரோடு இருக்கும்வரை நிற்கக்கூடாது என்று கேட்டார். உலகமே ஆசி கேட்டு நிற்கும் ஒருவர், வெட்கத்தை விட்டு இன்னொருவரிடம் அம்மாவுக்காகக் கை நீட்டிய கடிதம் அது. காளியிடம் கேட்க முடியாததை 14 வருடம் கழித்து ஒரு மனிதரிடம் கேட்டார்.

1899 ஜூனில் இரண்டாம் முறையாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நீரிழிவும் மூச்சிரைப்பும் நன்றாகவே பிடித்திருந்தன. கப்பல் சென்னைக்கு வந்தபோது கல்கத்தா பிளேக் காரணமாக யாரையும் இறங்க விடவில்லை. ஜனங்கள் படகுகளில் வந்து கப்பலைச் சுற்றி நின்றார்கள். அளசிங்கர் ஒரு காரியம் செய்தார். கொழும்புவரை டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே கப்பலில் ஏறிவிட்டார். பிரம்மவாதின் பத்திரிகை பற்றிக் கலந்து பேச வேண்டும், இதை விட்டால் வேறு வழியில்லை. ஆங்கிலேயக் கப்பலில் மழித்த தலையும் வெறுங்காலுமாக நடந்த இந்தத் தமிழ்நாட்டு ஆசாமியைப் பற்றி விவேகானந்தர் தன் வங்காளிப் பயணக் குறிப்பில் மிகுந்த பிரியத்தோடு எழுதியிருக்கிறார். அளசிங்கர் 1909-ல் இறந்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கலிஃபோர்னியாவுக்கு அவர் வந்தது ஒரு மரணப்படுக்கை வழியாக. தோழி ஜோசபின் மக்லவுடின் சகோதரர் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். ஜோசபின் ஓடிவந்து பார்த்தால், படுக்கைக்கு மேலே சுவரில் விவேகானந்தரின் ஆளுயரப் படம்! வீட்டுக்காரரான திருமதி பிளாட்ஜெட் சிகாகோவில் அவர் பேச்சைக் கேட்டவர். சகோதரர் இறந்தார். ஜோசபின் அங்கேயே தங்கி, விவேகானந்தரை வரவழைத்தார். 1899 டிசம்பர் 3-ல் அவர் வந்து சேர்ந்தார். சவுத் பாசடீனாவில் மீட் சகோதரிகள் மூவரின் வீட்டில் ஆறு வாரம் தங்கினார். உடம்பைத் தேய்த்தே குணப்படுத்தும் ஒரு பெண்மணியிடம் வைத்தியமும் நடந்தது.

அந்த நாட்களில், 1900 ஜனவரியில், திருமதி ஓலி புல்லுக்கு எழுதிய கடிதத்தில்தான் விஷயம் வெளிப்படையாக வருகிறது. மடத்துப் பொறுப்புகளை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பிப் போகவேண்டும் என்று எழுதுகிறார். என்னால் அவள் பட்ட துன்பம் போதும், கடைசி நாட்களையாவது அமைதியாக்க வேண்டும் என்கிறார். 1884-ல் அம்மாவை விட்டது பெரிய துறவு என்றால், இப்போது திரும்பிப் போவது அதைவிடப் பெரிய துறவு என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆதிசங்கரரும் கடைசியில் அம்மாவிடம் போகத்தானே வேண்டியிருந்தது என்று தேற்றிக்கொள்கிறார். நமக்குச் சங்கரரோடு பட்டினத்தாரும் நினைவுக்கு வருவார். ரமணரின் தாயார் அழகம்மாளும் 1916-ல் திருவண்ணாமலைக்கே வந்து மகனோடு தங்கினார். துறந்தவர்களுக்கும் இந்த ஒரு கணக்கு மட்டும் முடியாமல் நிற்கும் போலிருக்கிறது.

அப்போது புவனேசுவரி தேவியின் நிலையையும் பார்க்க வேண்டும். மூத்தவர் கலிஃபோர்னியாவில். இரண்டாவது மகன் மகேந்திரநாத் 1896-ல் லண்டன் போய், அங்கிருந்து கால்நடையாக ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா என்று சுற்றிக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில் கடிதம் இல்லை. வீட்டில் இருந்தது 19 வயது பூபேந்திரநாத் மட்டும். கடல் கடந்து வந்து ஞாயிறு காலை ஊருக்கு ஃபோன் போடுகிற நமக்கு இந்த வீடு அவ்வளவு அந்நியமானதில்லை.

1900 பிப்ரவரி கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ. டர்க் தெருவில் 1719-ஆம் எண்ணில் ஒரு ஃபிளாட். மீட் சகோதரிகளில் ஒருவரான திருமதி ஹான்ஸ்பரோ, சின்ன மகளைப் பாசடீனாவில் விட்டுவிட்டு வந்து, இவருக்குச் செயலாளர் வேலை பார்த்தார். மண்டபம் பிடிப்பது, விளம்பரம் கொடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர். விவேகானந்தர் சமையலறையில் தரையில் சம்மணமிட்டு மசாலா அரைப்பார், கறியும் புலாவும் செய்வார். மாலையில் யூனியன் சதுக்கத்தை ஒட்டிய மண்டபங்களில் பேச்சு. ஓக்லண்டில் காஸ்ட்ரோ தெருவும் 14-ஆம் தெருவும் சேரும் மூலையில் யூனிடேரியன் தேவாலயத்தில் பிப்ரவரி 25-ல் பேசினார். அந்த 1891-ஆம் வருடக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 880 நெடுஞ்சாலையில் ஓக்லண்டைத் தாண்டுகிறவர்கள் அதற்குச் சில தெருக்கள் தள்ளித்தான் போகிறார்கள். நகர மையத்து மண்டபங்கள் 1906 பூகம்பத்திலும் தீயிலும் போய்விட்டன.

குட்வின் இல்லாததால் இந்தப் பேச்சுகளில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கவேண்டியது. ஐடா ஆன்செல் என்ற இளம்பெண் சுருக்கெழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். தன் சொந்த உபயோகத்துக்கென்று எழுதி வைத்தார். அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அங்கங்கே விட்டுப்போயிற்று. இது அச்சுக்கு லாயக்கில்லை என்று அந்த நோட்டுகளை நாற்பது வருடத்துக்கு மேல் பெட்டியிலேயே வைத்திருந்தார். வயதான காலத்தில்தான் விரித்து எழுதினார், 1955-ல் இறந்தார். பிறகு மேரி லூயி பர்க் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ பெண்மணி பழைய செய்தித்தாள்களையும் கடிதங்களையும் தோண்டி, அவருடைய மேலைநாட்டு நாட்களை ஆறு பாகங்களாக எழுதினார். இவர்கள் இருவரும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி இல்லை.

இந்தப் பேச்சுகளுக்கும் சிகாகோ பேச்சுக்கும் தொனியிலேயே வித்தியாசம் உண்டு. நாட்டுக்காக வாதாடுவது குறைந்துவிட்டது. ஏப்ரல் 8-ல், வேதாந்தம் எதிர்கால மதமா என்ற தலைப்பில் பேசியபோது, அது பெரும்பாலோருக்கு ஒத்துவருமா என்று அவரே சந்தேகப்பட்டார். எல்லா அதிகாரங்களையும் புத்தகங்களையும் தீர்க்கதரிசிகளையும் விட்டுவிடத் துணிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். கடை விரித்த வியாபாரி தன் சரக்கை வாங்க ஆளிருக்குமா என்று கடை வாசலிலேயே யோசிப்பது போல இருக்கிறது. எனக்கு இந்த விவேகானந்தரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் படகேறி விரிகுடாவைக் கடந்து அலமேடாவுக்கு வந்தார். அங்கே ஹோம் ஆஃப் ட்ரூத் என்ற, தியானமும் மனப்பயிற்சியும் செய்யும் குழுவினரின் வீட்டில் தங்கினார். பெரிய வீடு, தோட்டம், அமைதி. காலையில் பைப் புகைத்தபடி தோட்டத்தில் உலவுவார். டக்கர் ஹாலில் மூன்று பேச்சுகள். ஏப்ரல் 14-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்கம் முறையாகத் தொடங்கியது. டாக்டர் லோகன் தலைவர்.

நாலு நாள் கழித்து, ஏப்ரல் 18-ல், அலமேடாவிலிருந்து ஜோசபின் மக்லவுடுக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். அதை இங்கே எடுத்துப் போடப்போவதில்லை. யாரும் முழுதாகத் தேடிப் படிக்கவேண்டிய கடிதம். சாராம்சம் இதுதான்: சண்டைகள் எல்லாம் முடிந்துவிட்டன, மூட்டை கட்டியாகிவிட்டது. குருவும் தலைவரும் ஆசானுமாக இருந்த ஆள் போய்விட்டான். மிச்சம் இருப்பது தட்சிணேசுவரத்து ஆலமரத்தடியில் ராமகிருஷ்ணர் பேசுவதை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்த பையன் மட்டும்தான். அவன்தான் நிஜம், மற்ற வேலைகள், நற்காரியங்கள், பெயர் எல்லாம் மேலே வந்து படிந்தவை.

நமக்கு ஆலமரத்தடி என்றால் தட்சிணாமூர்த்தி. இளைஞரான குரு, வயதான சீடர்கள், மௌனம். இங்கே இரண்டு கண்டங்களில் குரு என்று கொண்டாடப்பட்டவர், மரத்தடியில் தன் இடம் எதிர்ப்பக்கம் என்று கண்டுகொண்டார். அதுவும் ஒரு புதிய சங்கத்துக்குத் தலைவரையும் செயலாளரையும் நியமித்த அதே வாரத்தில். நம் துறையில் வேலையை விடுகிறவர்கள் கடைசி வாரம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் பதவி போனதும் ஆளே காணாமல் போய்விட்டது போல் உணர்கிறவர்கள்தான் இங்கே அதிகம், குறிப்பாக 2001-ல் இந்தப் பள்ளத்தாக்கில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறோம். பதவி உதிர்ந்ததும் அடியில் ஒரு ஆள் இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டவர் இவர்.

இதை அவநம்பிக்கை என்றோ நோயாளியின் சோர்வு என்றோ சொல்பவர்கள் உண்டு. நோய் இருந்தது. ஆனால் சோர்ந்தவர் மே மாதம் மரின் மாவட்டத்து ரெட்வுட் காட்டில், கேம்ப் டெய்லரில், கூடாரம் போட்டுத் தங்கி இரண்டு வாரம் நடத்திய வகுப்புகளைப் பாருங்கள். ஓடைக்கரையில் காலைத் தியானம், இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பேச்சு, நடுவில் சமையல். ஐடா ஆன்செலும் ஹான்ஸ்பரோவும் கூட இருந்தார்கள். காய்ச்சலோடும் சிரிக்க வைத்தார் என்றே எழுதியிருக்கிறார்கள். இன்று அது சாமுவேல் பி. டெய்லர் மாநிலப் பூங்கா. நம் குடும்பங்கள் கோடையில் கேம்பிங் போகிற இடம்தான். மே 30-ல் அவர் சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பினார். திரும்பி வரவில்லை.

பாரிஸ், கான்ஸ்டாண்டிநோபிள், கெய்ரோ என்று சுற்றி, டிசம்பர் 9 இரவு முன்னறிவிப்பில்லாமல் பேலூர் வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாம், கேட் திறக்கும்வரை பொறுக்காமல் ஏறிக் குதித்து உள்ளே போனார். 1901 தொடக்கத்தில் மடத்தை டிரஸ்ட் பத்திரம் எழுதி சக துறவிகளிடம் ஒப்படைத்தார். அறங்காவலர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கவில்லை. பிரம்மானந்தர் தலைவரானார். அதே ஜனவரியில் கேத்ரி மன்னர் ஆக்ரா அருகே சிக்கந்தராவில் கோபுரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார். மாதம் 100 ரூபாய் அனுப்பிய கை போயிற்று.

கடிதத்தில் எழுதியதைச் செய்தார். முழுதாக இல்லை, அவர் அம்மாவோடு போய்க் குடியிருக்கவில்லை. உடம்பும் மடமும் விடவில்லை. ஆனால் மார்ச் மாதம் அம்மாவையும் உறவுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு கிழக்கு வங்காளத்துக்குத் தீர்த்த யாத்திரை போனார். லாங்கல்பந்தில் பிரம்மபுத்திரா குளியல், சந்திரநாத், காமாக்யா. போகிற வழியெல்லாம் மூச்சிரைப்பு. இந்து விதவை ஒருத்தியின் பெரிய ஆசை தீர்த்த யாத்திரை, அதையாவது நிறைவேற்றுகிறேன் என்று கிளம்புமுன் அமெரிக்கத் தோழி ஒருவருக்கு எழுதினார். அந்த வருடக் கடைசியில் இன்னொன்று நடந்தது. சிறு வயதில் மகனுக்கு நோய் வந்தபோது அம்மா காளிகாட்டில் ஒரு நேர்த்திக்கடன் வேண்டியிருந்தார். அது பாக்கி இருந்தது. அத்வைதம் பேசி உலகைச் சுற்றிய 38 வயதுத் துறவி, கங்கையின் பழைய வாய்க்காலில் முங்கி, ஈரத்துணியோடு போய், அம்மா வேண்டிக்கொண்டபடி சந்நிதியின் முன் தரையில் புரண்டார். நம்மூர் அங்கப்பிரதட்சணம் போலத்தான். இது அந்தக் காலத்து மூட நம்பிக்கை என்று அவர் விலகியிருக்கலாம். அலமேடாவில் மீண்ட பையனுக்கு அப்படித் தோன்றவில்லை போலும்.

மடத்தில் ஆடு, நாய், வாத்து, மான் எல்லாம் வளர்த்தார். மட்ரு என்ற ஆட்டுக்குட்டிக்கு கழுத்தில் மணி கட்டி அதோடு ஓடுவார். மண் வேலைக்கு வந்த சந்தால் கூலியாட்களோடு உட்கார்ந்து பேசுவார், கூப்பிட்டு விருந்து போட்டார். பெரிய மனிதர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொன்னாலும் அந்தப் பேச்சை விட்டு எழுந்துவர மாட்டார். சொத்துத் தகராறையும் மறக்கவில்லை. 1902 ஜூன் கடைசியில், மரணத்துக்குச் சில நாட்கள் முன்னால், உறவினர்களோடு பேசிப் பணம் கொடுத்து அதை ஒருவழியாக முடித்தார்.

ஜூலை 4. காலையில் பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நீண்ட தியானம். பகலில் இளம் துறவிகளுக்குச் சமஸ்கிருத இலக்கண வகுப்பு. மாலையில் பிரேமானந்தரோடு நீண்ட நடை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு உயிர் பிரிந்தது. 40 வயதைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவந்தவர், 39 வயதில் போனார். செய்தி மறுநாள் காலையில்தான் கல்கத்தா வீட்டுக்குப் போனது. புவனேசுவரி தேவி இளைய மகனோடு பேலூருக்கு வந்தார்.

மகேந்திரநாத் அந்த ஆண்டு ஊர் திரும்பினார். பூபேந்திரநாத் யுகாந்தர் பத்திரிகை ஆசிரியராக 1907-ல் ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார். விடுதலையானதும் அடுத்த ஆண்டே, மறுபடி கைதாகாமல் இருக்க ரகசியமாகக் கப்பலேறினார். புவனேசுவரி தேவி 1911 ஜூலையில் காலமானபோது, கடைசி மகன் அமெரிக்காவில், நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தார்.